இஞ்சி டொக்டர்

கொட்டாஞ்சேனையில் அவருடைய பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "இஞ்சி டொக்டர் வீடு எது?" என்று கேட்டால் கோயில் மணி அடிக்கிறவர் முதல் மீன் விற்கிறவர் வரை கை நீட்டிக் காட்டுவார்கள். இஞ்சியும் சுக்கும் கொடுத்து வைத்தியம் பார்க்கிற ஆளாக்கும் என்று நினைத்துப் பாதி வழியில் திரும்பிப் போனவர்களும் உண்டு. அவர் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர். கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் ஏறி நோய் நொடி பார்க்கிற அரசாங்க வேலை. இஞ்சி அவருடைய மருந்துப் பெட்டியில் இல்லை, கோட்டுப் பையில் இருந்தது.

வெள்ளை டிறில் துணிக் கோட்டின் வலது பையில், மண் போகக் கழுவிய பச்சை இஞ்சித் துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும். வாடினால் மாற்றிவிடுவார். "கோட்டை எத்தினை தரம் வெளுக்கப் போட்டாலும் ரசம் மணக்குது. மாதா கோயில்ல பூசைக்கு இவருக்குப் பக்கத்தில முழந்தாள் போட்டால் எனக்குப் பசிக்கத் தொடங்கியிடும்" என்று அவருடைய மனைவி என்னிடம் குறைபட்டிருக்கிறார். குறை என்று சொன்னேனே தவிர, சந்தையிலிருந்து அவருக்கென்று நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கி வருகிறவரும் அந்த அம்மாதான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடங்கள் அவை. எல்லாக் கொடிக் கப்பலும் கொழும்புக்கு வந்துபோய்க்கொண்டிருந்த காலம். கப்பல் உள்ளே வருமுன் டொக்டர் லோஞ்சுப் படகில் போய் ஏறுவார். கப்பலாட்கள் வரிசையாக நிற்பார்கள். கண்ணைப் பார்ப்பார், அக்குளைத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்லுவார். அரசாங்க வேலை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு பையில் கைவிட்டு இஞ்சியை எடுத்து, ஆளின் மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பார். புதிதாக வந்த மாலுமிகள் இதுவும் ஒரு சோதனை என்று நினைத்து மறுபடி நாக்கை நீட்டுவார்களாம்.

அவருக்கு வேண்டியது அந்தப் பொருளுக்கு அவர்கள் வீட்டுச் சமையலறையில் வழங்குகிற பெயர். ஆனால் தன் வாயால் எந்தப் பெயரையும் அவர் எடுத்துக் கொடுக்கமாட்டார்.

"நான் 'ஜிஞ்சர்' எண்டு தொடங்கினால் அவன் மரியாதைக்கு 'ஓம், ஜிஞ்சர்' எண்டுவான். டொக்டருக்கு முன்னால நிக்கிற ஆள் எதுக்கும் ஓம் போடுவான், மாஸ்டர். அதால நாங்கள் வாயைத் திறக்கப்படாது. பொருளைக் காட்டவேணும், சும்மா நிக்கவேணும்" என்பார், பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம்.

நோயாளிகளிடமும் இதே கதைதான். "இஞ்ச நோகுதோ?" என்று கேட்டதே கிடையாது. வயிற்றில் கையை வைத்துவிட்டு, தெருவில் போகிற றிக்‌ஷாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கே நோகிறதென்று நோயாளியின் முகம் தானாகச் சொல்லும் வரை கை நகராது. அவசரக்காரர்களுக்கு அவர் சரிப்பட்டு வரமாட்டார். நான் அவசரக்காரன், ஆனாலும் அவரிடம்தான் போனேன்.

அவரை மடக்கிப் போட்ட சொல் ஒரு ஜெர்மன் கப்பலில் கிடைத்தது. ஹம்பேர்க் பக்கத்துச் சமையல்காரன் ஒருவன், மலைபோன்ற ஆள், இஞ்சியைக் கண்டதும் வாங்கி மோந்து பார்த்து, "இங்வெர்!" என்று கத்தினானாம். டொக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வீட்டுச் சமையலறையில் கேட்கிற சொல், வெள்ளைக்காரன் வாயில் கொஞ்சம் நசுங்கி வெளியே வருகிறது. ஜெர்மனியில் நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, அவனுடைய தாய் இஞ்சி போட்டு விசுக்கோத்துச் செய்வாளாம். அவனிடம் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். லோஞ்சுக்காரன் கீழேயிருந்து கத்திக் கத்திக் களைத்துப் போனான்.

வேறு ஒருவராக இருந்திருந்தால் அன்று பின்னேரமே "ஜெர்மன் மொழியே தமிழ்தான்" என்று பத்திரிகைக்கு எழுதியிருப்பார். அப்படி எழுதுகிறவர்களுக்கு எங்கள் ஆட்களிடையே அப்போதும் பஞ்சமில்லை. இவரோ அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று பின்னோக்கித் தேடிக்கொண்டு கொழும்பெல்லாம் அலைந்தார். லத்தீனுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான பாதிரியாரைப் பிடித்தார். ஜெர்மன்காரன் அந்தச் சொல்லை லத்தீன் பேசினவர்களிடமிருந்து எடுத்தான், அவர்கள் கிரேக்கரிடமிருந்து எடுத்தார்கள், கிரேக்கன் அதை 'ஸிங்கிபெரிஸ்' என்றான் என்று தெரிந்தது. அங்கே வழி அடைபட்டுக் கொஞ்சக் காலம் நின்றார். பிறகு மருதானையில் ஒரு பௌத்த பன்சாலைக்குப் போய், பாளி படித்த பிக்கு ஒருவருக்கு முன்னால் இஞ்சியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் 'சிங்கிவேர' என்றார். கொம்பு மாதிரி உடம்புள்ளது என்று பண்டிதர்கள் அதற்குப் பொருள் சொல்லுவதுண்டென்றும், அது பின்னால் கட்டின கதை என்றுதான் தனக்குப் படுகிறதென்றும் சொல்லி, அவரே சிரித்துக்கொண்டு கேட்டாராம்: "வேர் எண்டால் தமிழில என்ன, டொக்டர்?"

இஞ்சி, வேர். முன்னால் நின்ற எழுத்து மட்டும் தமிழில் உதிர்ந்துபோயிருந்தது. ஹம்பேர்க் அடுப்படி வரைக்கும் போன சொல் புறப்பட்ட துறை அது. டொக்டர் அன்றைக்கு ட்ராமில் ஏறாமல் மருதானையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை நடந்தே வந்தாராம். அந்தச் சந்தோசத்தில் எனக்கும் பங்கு கிடைத்தது. மறுநாள் வெள்ளவத்தைக்கே வந்து, என் வகுப்பறை வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அவரைப்போல ஒரு மனிதனைச் சிநேகிதராகப் பெற்றதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

இதெல்லாம் சரி, அவருடைய உண்மையான குணத்தை இன்னும் சொல்லவில்லை. "தெரியாது" என்று சொல்லக் கூசாதவர் அவர். எங்கள் பக்கத்தில் டொக்டர்மாரும் வாத்தியார்மாரும் அந்தச் சொல்லை வாயில் வைப்பதில்லை. என் வீட்டுக்காரியின் காலில் ஒரு வீக்கம் வந்தபோது வெள்ளவத்தையில் பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு நோய்ப் பெயர் சொன்னார்கள். இவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என்னெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள் ஆரெண்டு தெரியும்" என்று சொல்லித் தானே றிக்‌ஷா பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கால் சுகமாகி இன்றைக்கும் என் மனைவி என்னைவிட வேகமாக நடக்கிறாள்.

வாசிகசாலைச் சமாசாரத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் வாசிகசாலை இருந்தது. நான் காரியதரிசி. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிற சமறிகளில் எங்கள் பொடியன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கந்தோர் வேலை முடிந்து வந்து விளக்கு வெளிச்சத்தில் நிம்மதியாக ஒரு புத்தகம் விரிக்க அவர்களுக்கு அந்த மாடியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. பேக்கரிக்காரர் மகனுக்குக் கலியாணம் நிச்சயமாகி, மாடியைத் தைப்பொங்கலுக்கு முன் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

கைகொடுக்க வந்தவர் புறக்கோட்டை முதலாளி ஒருவர். இந்தியாவில் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், அரிசியும் இஞ்சி முதலான சரக்கும் மொத்த வியாபாரம். மூட்டையின் வாயில் கிடப்பதைப் பார்த்து அவர் சரக்கு எடுத்ததே இல்லை என்று தெருவில் சொல்லுவார்கள். சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளி வெளியே எடுப்பார். அவருக்கு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை வாசிகசாலைக்குக் கொடுக்கிறேன், ஆண்டுக் கூட்டத்தில் அறிவிக்கிறேன் என்றார். ஒரே ஒரு ஆசைதான்.

"டாக்டர் ஐயா அன்னைக்குப் பேசணும். நாம விக்கிற சரக்கு ஜெர்மன்காரன் அடுப்படி வரைக்கும் தமிழ்ப் பேரோட போயிருக்குன்னு ஊருக்குத் தெரியணும்."

நல்ல ஆசைதானே? கூட்டத்தில் டொக்டர் பேசினார். இஞ்சியை மேசையில் வைத்துவிட்டு, அந்தச் சொல் ஏறி இறங்கின துறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சமறிப் பொடியன்கள் வாய் பிளந்து இருந்தார்கள். பேச்சு முடிந்து கைதட்டல் ஓயுமுன் முதலாளி முன்வரிசையில் எழுந்தார்.

"ஐயா, அப்படியே அரிசியையும் சொல்லிடுங்க. ஜெர்மன்காரன் சோத்துக்கு 'ரைஸ்'னுதானே சொல்றான்? நம்ம அரிசிதானே அது?"

"அது எனக்குத் தெரியாது, முதலாளி" என்றார் டொக்டர்.

"அரபுக்காரன் 'அருஸ்'ங்கிறான். அருஸ், அரிசி. கேட்டாலே தெரியலையா?"

"முகம் ஒண்டாய் இருந்தால் அண்ணன் தம்பி எண்டு சொல்லேலுமே? கொட்டாஞ்சேனையில ஒரு மீன்காரர் என்னைப் போலவே இருக்கிறார்." சனம் சிரித்தது. டொக்டர் சிரிக்கவில்லை. "கிரேக்கன் வரைக்கும் பின்னால போய்ப் பார்த்தன். அதுக்கு இஞ்சாலப் பக்கம் எந்தத் துறையில ஏறினதெண்டு தெரியேல்லை. பாரசீகமோ, வடநாடோ, நாங்களோ. கடைசித் துறையின்ர சுகப் பத்திரம் இல்லாமல் வாற கப்பலை நான் என்ன செய்யிறனான்? மஞ்சள் கொடி ஏத்தி வெளியில நிப்பாட்டுறன். ரைசும் அப்பிடித்தான் வெளியில நிக்குது. தமிழில்லை எண்டு நான் சொல்லேல்லை. உள்ள விட எனக்கு அதிகாரமில்லை."

முதலாளி உட்கார்ந்தார். நிலத்தைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. நான் நன்றியுரைக்கு எழுந்தபோது அவருடைய கதிரை காலியாக இருந்தது.

காரணம் அடுத்த கிழமைதான் விளங்கிற்று. முதலாளி புதுவருசக் காலண்டரை அதற்கு முன்பே இந்தியாவில் அச்சடித்து இறக்கிவிட்டார். லட்சுமி படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'ஜெர்மனியர் உண்ணும் அரிசிக்கும் இஞ்சிக்கும் பெயர் தந்தது நம் தமிழே' என்றும், அதைக் கண்டறிந்தவர் என்று டொக்டருடைய முழுப் பெயரும் பட்டங்களோடு. கோபத்தில் முதலாளி அதைக் கொளுத்திவிடுவார் என்று நினைத்தேன். காசு கொடுத்து அடித்த காலண்டரை எந்த வியாபாரி கொளுத்துவார்? புறக்கோட்டைக் கடைச் சுவரெல்லாம் அது தொங்கத் தொடங்கிற்று. கூடவே எனக்கு ஒரு சேதியும் வந்தது: டாக்டர் இனி வாயைத் திறக்காமல் இருந்தால் நிலத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கமிட்டி என்னைத்தான் தூது அனுப்பிற்று. கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் டொக்டர் ஒரு காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை.

"டொக்டர், நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஒரு சொல்லுக்காக வாசிகசாலையை விடலாமோ?" என்றேன்.

"வாசிகசாலையில என்ன வைக்கப்போறியள், மாஸ்டர்?"

"புத்தகம்தான்."

"அதில ஒருத்தன் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதி, கீழ தன்ர பேரையும் போட்டிருந்தால்? வாசிக்கிற பொடியனுக்கு எப்பிடித் தெரியும்?" காலண்டரை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். "அந்தச் சமையல்காரன், பாதிரியார், பிக்கு, எல்லாரும் சேர்ந்து எனக்குத் தந்த சொல் இங்வெர். அதோட ரைசையும் சேர்த்துக் கட்டிவிட்டிருக்கினம். ஒருநாளைக்கு ரைஸ் பிழையெண்டு ஆரும் காட்டினால், இஞ்சியையும் சேர்த்துத்தான் கடலில எறிவாங்கள். நோய் பிடிச்ச வருத்தக்காரன் ஒருத்தன் ஏறினால் முழுக் கப்பலையும்தான் மறிக்கிறது."

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அவர் புறக்கோட்டைக்குப் புறப்பட்டார். கையில் மஞ்சள் தாள் கீலம் கீலமாக வெட்டி வைத்திருந்தார். அவருடைய மனைவி கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒரு தகர டப்பாவில் தந்திருந்தார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். வாசிகசாலைக்கு நானே குழி வெட்டப் போகிறேன் என்று தெரிந்துதான் போனேன், அவரைத் தனியே விட மனம் வரவில்லை.

ஒவ்வொரு கடையாக ஏறி, அனுமதி கேட்டு, 'அரிசிக்கும்' என்ற சொல்லின் மேல் மட்டும் மஞ்சள் கீலத்தை ஒட்டினார். முஸ்லிம் சோனகர் ஒருவர் தன் கடையில் எழுந்து வந்து, "நல்லாத்தானே ஈக்குது டொக்டர், என்னத்துக்கு மூடுற?" என்றார். "எனக்குத் தெரியாததை நான் சொன்ன மாதிரிப் போட்டிருக்கு, நானா" என்று பதில். சிங்களக் கடைக்காரர் ஒருவர், "மொகத மே, டொக்டர் மாத்தயா?" என்று, இதென்ன சங்கதியென விசாரிக்க, டொக்டர் பழக்க தோசத்தில் பையிலிருந்து இஞ்சியை எடுத்து நீட்டிவிட்டார். "இங்குரு!" என்றார் அவர். அந்த வில்லங்கத்துக்கு நடுவிலும் டொக்டருக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் நாலு பேர் பார்க்கக் கடை கடையாக ஏறி இறங்குவது அவருக்குச் செத்துப் பிழைக்கிற மாதிரி. வழக்கமாக ஒரு கலியாண வீட்டில்கூட மூலையில் நிற்கிற மனிதர் அவர்.

கடைசியாக முதலாளியின் கடை. செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாளி இஞ்சி மூட்டைகளுக்கு நடுவில் நின்றார். மூட்டை தூக்குகிற நாட்டாமைகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியாச்சு. இங்க என்ன வேணும்?"

"இது உங்கட கடை, உங்கட காலண்டர். நீங்கள் ஓம் எண்டால்தான் ஒட்டுவன்."

"மாட்டேன்னா?"

"நாளைக்கும் வந்து கேப்பன்."

"அதுல உங்க பேரு இருக்குய்யா. பட்டத்தோட போட்டிருக்கேன். தெருவே உங்களைப் பெரிய ஆளுன்னு பேசுது. அதை மூடிக் கெடுத்துக்கிறதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"பேரை நான் மூடேல்லை, முதலாளி. பேர் அங்கதான் இருக்குது. அதாலதான் மற்றதை மூடுறன்."

முதலாளியின் கை தன்பாட்டில் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து மூட்டைக்குள் போயிற்று. முழங்கை வரை போய், அடியிலிருந்து ஒரு பிடி இஞ்சியை அள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஜெர்மன்காரன் இதுக்கு என்ன சொல்றான்? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"இங்வெர்."

"இது உறுதிதானே? நாளைக்கு இதுக்கும் தாள் தூக்கிட்டு வரமாட்டீங்களே?"

"உறுதி. அடி வரைக்கும் கை விட்டுப் பார்த்திட்டன்."

முதலாளி தன் கையைப் பார்த்தார். முழங்கை வரை இஞ்சி மண். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், அந்தப் பசையக் குடுங்க."

அவரே ஒட்டினார். கோணலாகத்தான் ஒட்டினார், லட்சுமியின் காலிலும் கொஞ்சம் பசை பட்டுவிட்டது. துண்டால் அதைப் பவ்வியமாகத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தெருவுல வந்து எவனும் என் சரக்கை இப்படிச் சோதிச்சதில்ல. நிலத்தை எழுதிருவோம். உங்க மாதிரி ஆளு உள்ள இருந்தா அங்க கலப்படம் வராது." கடைப் பையன்களைக் கூப்பிட்டு எங்களுக்கு பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார். டொக்டர் தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி குடிக்காமலே நின்றார். கண்ணீர் வந்ததை இஞ்சிக் காரத்தின் தலையில் போடலாம் என்றால் அவர் இன்னும் ஒரு மிடறுகூடக் குடித்திருக்கவில்லை.

வாசிகசாலை எழும்பிற்று. அதற்குள் யுத்தம் வந்து ஜெர்மன் கப்பல்கள் வருவது நின்றுபோயிற்று. ஜெர்மன்காரன் சொல்லைப் பற்றியெல்லாம் இப்போது பேசாமல் இருப்பது நல்லது என்று கமிட்டியில் ஒருவர் பயந்தார். டொக்டர் கேட்கவில்லை. அந்தச் சமையல்காரன் இப்போது எங்கே எந்தக் கப்பலில் நிற்கிறானோ, அவனுடைய தாய் இந்த நத்தாருக்கு இஞ்சிக்கு எங்கே போவாளோ என்றுதான் அவர் கவலைப்பட்டார். அவனுக்காகப் பூசையில் வேண்டிக்கொண்டதாக அவருடைய மனைவி சொன்னார்.

முதலாளி தன் கடைச் சுவரில் தொங்கின அந்தக் காலண்டரைத் தானே கொண்டுவந்து வாசிகசாலையில் மாட்டினார். டொக்டரும் போய்விட்டார், முதலாளியும் போய்விட்டார். நாள் தாள்கள் எல்லாம் கிழிந்து அட்டையும் லட்சுமியும் அந்த வரியும் மட்டும் இருக்கின்றன. மஞ்சள் கீலம் வெளிறி வெள்ளையாகிவிட்டது. புதிதாக வருகிற பொடியன்கள், இது ஏன் ஒட்டியிருக்கிறது, உரித்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அரிசி எந்தத் துறையில் ஏறியது என்று அடி வரைக்கும் கைவிட்டுப் பார்த்தவன் உரிக்கலாம் என்பேன்.

நகத்தைக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தவர்கள் சிலர் உண்டு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுவார்கள். இதுவரை ஒருவரும் உரிக்கவில்லை.